கடவுக்கு இந்தப் பக்கம்

ஆகஸ்ட் 6

இன்று காலை பதினான்கு குஞ்சு பொரிந்திருக்கின்றன. கின்னிக்கோழி முட்டை பதினெட்டு வைத்தேன். நான்கு கூழாகிவிட்டது. அடைக்கு வைத்த நாட்டுக்கோழி இருபத்தேழு நாள் அசையாமல் கிடந்து, தான் இட்டதுதான் என்று நம்பி எல்லாவற்றையும் இறக்கைக்குள் இழுத்து வைத்திருக்கிறது. கோழிக்குஞ்சு மாதிரியே இல்லை. உடம்பெல்லாம் பழுப்புக் கோடு, காலும் மூக்கும் செம்மண் நிறம்.

இந்த டைரி உரக்கடையில் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது. மார்ச் 11 வரை அவர் கையெழுத்து. கிழக்குக் காட்டுக்குத் தண்ணீர், எருமைக்கு ஊசி. அதற்கப்புறம் வெறும் தாள். வீணாகப் போவானேன் என்று ஆகஸ்டிலிருந்து நான் எழுதுகிறேன்.

கின்னிக்கோழி எதற்கு என்று கேட்கிறவர்களிடம், பாம்புக்கு என்கிறேன். பாம்பைக் கண்டால் கத்தி ஊரைக் கூட்டிவிடும். அவரைக் கண்ணாடி விரியன் கடித்த பிறகு சோளக்காட்டில் கால் வைக்கவே எனக்கு உடம்பு கூசுகிறது. இது ஒரு காரணம். இன்னொன்றை யாரிடமும் சொல்லவில்லை. வளர்ந்த கின்னிக்கோழி பொழுதுக்கும் கத்தும், காது கிழியும். கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் அறுபதடியில் ரத்தினா வீடு. கேட்கட்டும்.

ரத்தினா என் ஓரகத்தி. அவள் புருஷன் தெய்வசிகாமணி இவருடைய கூடப்பிறந்த அண்ணன். பாகம் பிரித்ததில் கிணறு எங்களுக்கு வந்தது, தார் ரோட்டுத் தடம் அவர்களுக்குப் போனது. வேலிக்கு நடுவில் போக வர ஒரு கடவு, இரும்புக் கதவு போட்டது. தண்ணீருக்கு வந்துபோனால் நாளைக்குப் பாத்தியதை கொண்டாடுவார்கள் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் அதைப் பூட்டினேன். எங்களுக்கும் ரோட்டுக்குக் கிட்டத்து வழி அதுதான். பரவாயில்லை. ஓடைத்தடத்தில் இரண்டு மைல் சுற்றிப் போய்க்கொள்கிறேன்.

மார்ச் 12ஆம் தேதி காலை இவர் விஷம் ஏறிக் கிடந்தபோது அந்த வீட்டு வாசலில் கார் நின்றிருந்தது. எடுத்து வரவில்லை. ஊருக்கே தெரியும்.

ஆகஸ்ட் 9

இரண்டு குஞ்சு தண்ணீர்த் தட்டில் மூழ்கிச் செத்துவிட்டன. முட்டை கொடுத்த அம்மாள் தட்டில் கூழாங்கல் போட்டு வை என்று சொல்லியிருந்தாள்தான். சொன்னதெல்லாம் நினைப்பில் நிற்குமா? அந்நேரம் பார்த்து ரத்தினா வேலியோரம் மாட்டை அதட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டால் எனக்குக் கையும் ஓடுவதில்லை, புத்தியும் ஓடுவதில்லை.

இப்போது கல் போட்டாயிற்று. மீதி பன்னிரண்டு.

ஆகஸ்ட் 14

காக்கை ஒன்றைத் தூக்கிவிட்டது. பதினொன்று.

ஆகஸ்ட் 23

ஓட்டைக் கலயத்தில் சாணியும் சோளத்தட்டும் திணித்து நேற்றுக் குப்பைமேட்டில் கவிழ்த்து வைத்தேன். காலையில் உள்ளே கரையான் அப்பிக்கிடந்தது. குஞ்சுகளுக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது. உதறிப் போட்டுக்கொண்டிருக்கும்போது மூலனூர்ப் பக்கமிருந்து ஒரு பொம்பளையும் அவள் தம்பியும் ஓடைத்தடம் வழியாக வந்தார்கள். அவள் பெயர் சுலோச்சனா. ரத்தினாவின் மகன் நவநீதனுக்குத் தன் பெண்ணைப் பேசிக்கொண்டிருக்கிறாளாம்.

"பையனைப் பத்திக் குத்தமில்லீங்க்கா. ஆனா ஊருக்குள்ள ஒரு பேச்சு அடிபடுதுங்க."

"என்ன பேச்சுங்க?"

"கூடப் பொறந்தவரு பாம்பு கடிச்சுக் கெடக்கறப்பக் கூட இவங்க கார எடுக்கலைன்னு. நெசமுங்களா? பொண்ணைக் குடுக்கற எடம் பாருங்க, கேக்காம இருக்க முடியல."

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "போனவரு போயிட்டாருங்க. இனி அதப் பேசி என்னங்க ஆகுது" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். கண்ணில் நிஜமாகவே கரையான் மண் விழுந்திருந்தது. அக்காளும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்கள்.

நான் பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 27

மூன்று குஞ்சு செத்துக் கிடக்கின்றன. நேற்று விடியவும் வெளியே விட்டேன். புல்லில் பனி இருந்தது. நனைந்தால் ஆகாது என்பார்கள், ஆனால் பனியில் நனைந்தா மூன்று சாகும்? வேலியோரம் புதுசாக ஏதோ பொடி தூவியிருந்தது. எறும்புப் பொடி என்று சொல்லிக்கொள்வாள். எனக்குத் தெரியாதா?

கடவு ஓரம் நின்று நன்றாகக் கேட்கட்டும் என்று வைதேன். அந்தப் பக்கமிருந்து பதிலே இல்லை. திமிர்.

எட்டு.

செப்டம்பர் 12

பால்காரர் குழந்தைவேலு சொன்னார். மூலனூர்க்காரர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று ஒதுங்கிவிட்டார்களாம். இது நவநீதனுக்குத் தட்டிப்போகிற இரண்டாவது இடம். முப்பத்திரண்டு வயதாகிறது. ரத்தினா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

நான் இன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்து இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

பொழுதோடு தாரணி கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டாள். என் ஒரே மகள். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்க்கிற வேலை. எப்போதும் கலகலவென்று பேசுகிறவள் இன்றைக்கு, "பெரியம்மா எப்படி இருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள். எனக்கென்ன தெரியும் என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 20

உளுந்து உடைக்க டவுனுக்குப் போயிருந்தேன். மத்தியானம் பிடித்த மழை ஒன்றரை மணி நேரம் விடவில்லை. குஞ்சுகளை மேய விட்டுவிட்டுப் போயிருந்தேன். எட்டும் போயிருக்கும் என்றுதான் ஓடைத்தடத்துச் சேற்றில் ஓடி வந்தேன். வந்து பார்த்தால் மாட்டுக்கொட்டாயில் எட்டும் கொடாப்புக் கூடைக்குள் இருக்கின்றன. கீழே காய்ந்த சாக்கு விரித்திருந்தது. கூடையின் மேலே கல் வைத்திருந்தது. ஒன்றும் நனையவில்லை.

வேலியில் ஓரிடத்தில் கிளுவை விலகிக் கிடக்கிறது. ரத்தினாதான் நுழைந்து வந்திருக்கிறாள். எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வந்திருப்பாள். மூங்கில் படல் வைத்து அடைத்துவிட்டேன்.

செப்டம்பர் 24

பஸ் நிறுத்தத்தில் ரத்தினாவைப் பார்த்தேன். இரண்டு முழங்கையிலும் நெடுக முள் கிழித்த காயம், ஆறிக் கறுத்திருக்கிறது. அடுத்தவர் காட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தால் கிழிக்காமல் என்ன செய்யும்? அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றாள்.

அக்டோபர் 2

லீவு என்று தாரணி வந்தாள். பையைக் கூட இறக்கவில்லை. குஞ்செல்லாம் இறக்கை முளைத்து வேலி உயரம் பறக்கிறது பார் என்று காட்டினேன். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"அன்னைக்குப் பெரியப்பா கார் கொண்டாந்தாரா இல்லையா?"

"யாரு என்ன சொன்னா உனக்கு?"

"நவநீ சொன்னான். கலியாணம் நின்னு போச்சுன்னு அழுதுட்டே சொன்னான். நான் கேட்டதுக்குச் சொல்லும்மா. வந்தாரா இல்லையா?"

"வந்தாரு. உங்கப்பாதான் ஏற மாட்டேன்னுட்டாரு. அவருக்கு அத்தனை வைராக்கியம்."

"அப்ப வரவே இல்லைன்னு இத்தனை நாளா ஊரெல்லாம் சொன்னியே?"

"ரெண்டும் ஒண்ணுதான். வந்தும் பிரயோசனமில்ல, வராமயும் பிரயோசனமில்ல."

"ஒண்ணா?" என்றாள். "விரியன் கடிச்சு வர்றவங்க ரத்தத்தை நான் தினம் பாக்கறேன். ட்யூப்ல எடுத்து வச்சா உறையாமத் தண்ணியாட்டம் நிக்கும். அதுல ஒவ்வொரு நிமிசமும் என்னன்னு எனக்குத் தெரியும். எங்கப்பாவுக்கு எத்தனை நிமிசம் போச்சு?"

"அவரே ஏறலைன்னா நான் என்ன பண்ணட்டும்? தூக்கியா போட முடியும்?"

 சோறு போட்டு வைத்தேன், தொடவில்லை. மூன்று மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். ஓடைத்தடத்தில் அவள் தலை மறைகிற வரைக்கும் வாசலில் நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லாம் ரத்தினா போட்ட தூபம்.

அக்டோபர் 3

தட்டில் இருந்த சோற்றைக் குஞ்சுகளுக்குப் போட்டேன்.

அக்டோபர் 17

குஞ்சு என்று இனிச் சொல்ல முடியாது. தலையில் கொம்பு தடிக்கிறது, கழுத்தில் சிவப்புத் தாடி இறங்குகிறது. காலையிலிருந்து ஒன்றைக் காணோம். பத்து மணிக்கு ரத்தினாவே அதை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு கடவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். மார்ச்சுக்குப் பிறகு அவள் அந்த இடத்துக்கு வந்தது இன்றைக்குத்தான்.

"இந்தா. எங்க முருங்கையில ஏறி உக்காந்துட்டுக் கத்துது."

"உங்க கை பட்டது எனக்கு வேண்டாம்."

"மழையன்னைக்கு எட்டையும் வாரிக் கொடாப்புல போட்டு மூடுனதும் இந்தக் கைதான். மத்த ஏழு கோழியையும் கொண்டா, வாங்கிக்கறேன்."

"உங்கள யாரு வரச் சொன்னா?"

"யாரும் சொல்லல. கீச்சுகீச்சுன்னு கத்துனது மனசு கேக்கல. கோழி உன்னுதுன்னு அதுக்குத் தெரியுமா?" ரத்தினாவுக்கு மூச்சு வாங்கியது. "உன்னால எம்பையன் சம்பந்தம் நின்னு போச்சு. அதுக்கு வந்து உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டனா?"

"நான் அவங்ககிட்ட ஒண்ணுமே சொல்லல."

"நீ சொல்லல. நாங்களுஞ் சொல்லல, துளசி. கடி பட்டதும் தம்பி காட்டுலருந்து நேரா இங்கதான் வந்துச்சு. இந்தா, இந்த எடத்துல உக்காந்துட்டு அண்ணான்னு கூப்புட்டுச்சு. நாங்க காரோட வந்து இந்தக் கம்பியப் புடிச்சுட்டு நின்னோம். 'தொறந்து உடு துளசி, தொறந்து உடு'ன்னு தம்பி சொன்னது எங்க காதுல உழுகலைன்னா நெனச்சுட்ட?"

நான் பூட்டையே பார்த்தேன்.

"காரு வரலைன்னு நீ ஊரெல்லாம் சொன்ன. நாங்க வந்தோம்னு மட்டுந்தான் சொன்னோம். தம்பி கேட்டுச்சுன்னு இந்நாள் வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல, நவநீகிட்டக்கூட. ஏன் தெரியுமா? தாரணிக்கு அப்பன் போயிட்டான். இது தெரிஞ்சா ஆத்தாளும் இல்லாமப் போயிருவா. அந்தப் புள்ளைக்காக. உனக்காகன்னு நெனச்சுக்காத. உன்னைக் கண்டாலே எனக்கு ஆகாது."

கோழியைக் கையோடு கொண்டுபோய்விட்டாள். இப்போது அது அவர்கள் களத்தில் நின்று கத்துகிறது.

அக்டோபர் 18

எழுத ஒன்றுமில்லை. கம்பு போட்டேன். தண்ணீர் மாற்றினேன்.

அக்டோபர் 20

எழுதிவிடுகிறேன்.

சாவி என் இடுப்பில் இருந்தது. தேடவில்லை, தொலையவில்லை. அவர் கடவுக்கிட்டே மண்ணில் உட்கார்ந்துகொண்டு மூன்று தரம் கேட்டார். மூன்றாவது தரம் கேட்கும்போது பல் ஈறில் ரத்தம் வந்துவிட்டது. அந்தப் பக்கம் கார் உறுமிக்கொண்டு நின்றது. ரத்தினா கம்பியைப் பிடித்துக்கொண்டு, துளசி, துளசி என்று கத்தினாள். மச்சாண்டார் தெய்வசிகாமணி பூட்டை உடைக்கக் கடப்பாரை எடுத்துவர ஓடினார். அவர் வருவதற்குள் நான் இவரைத் தோளில் தாங்கி ஓடைப் பக்கம் நடத்திக்கொண்டு போய்விட்டேன். ஊருக்குள்ளிருந்து வேன் வரச் சொல்லிப் போன் செய்திருந்தேன். பத்து நிமிஷத்தில் வந்துவிடும் என்றார்கள். நாற்பது நிமிஷம் ஆனது. கடி பட்டவரை நடக்க வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "ஏம்மா இவ்வளவு நேரம்?" என்றும் கேட்டார். கார் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அந்தப் பேச்சு அங்கே ஆரம்பித்ததுதான்.

அவர் சாவார் என்று நினைக்கவில்லை. ஒரு தரம் திறந்துவிட்டால் அப்புறம் பூட்டவே முடியாது, அவர்களுக்குக் கடமைப்பட்டு நிற்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அந்த நேரத்திலும் அதைத்தான் நினைத்தேன்.

அக்டோபர் 26

இரண்டு பஸ் மாறி மூலனூர் போய், அங்கிருந்து விசாரித்துக்கொண்டு சுலோச்சனா வீட்டுக்குப் போனேன். சோபாவில் உட்காரச் சொன்னார்கள். நின்றுகொண்டே சொன்னேன்.

"காரு வந்துச்சுங்க. அவங்க ரெண்டு பேரும் வந்தாங்க. கடவைத் தொறக்காதது நானுங்க. அந்தப் பையனுக்கும் அவங்கப்பன் ஆத்தாளுக்கும் இதுல ஒரு பாவமுமில்லீங்க."

சுலோச்சனா என்னை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தாள். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே."

"சொல்லியிருக்கலாமுங்க."

"மோர் குடுத்தீங்க. கண்ணத் தொடச்சீங்க. நானும் வீட்டுக்கு வந்து உங்களுக்காக அழுதனுங்க."

காபி வைக்க எழுந்த மருமகளைக் கண்ணாலேயே நிறுத்திவிட்டாள். அதற்கு மேல் நிற்கவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் தாகம் தெரிந்தது. பக்கத்துக் கடையில் சோடா வாங்கிக் குடித்தேன்.

இவர் கேட்டதை மட்டும் அங்கேயும் சொல்லவில்லை.

அக்டோபர் 27

காலையில் பார்த்தால் மோட்டார் கொட்டாயில் இரண்டு கோழி. கூரை ஓடு இரண்டை உடைத்து வைத்திருக்கின்றன. விளக்குமாற்றை எடுத்து வீசினேன். படவில்லை.

நவம்பர் 14

சம்பந்தம் கூடிவிட்டது. குழந்தைவேலு சொல்லித்தான் தெரியும். நான் மூலனூர் போய்வந்தது ஊர் பூராவும் தெரிந்துபோயிருக்கிறது. அவர் பாலை ஊற்றிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போகிறார். தண்ணீர் பாய்ச்ச வருகிற பாவாயி இந்த வாரம் வரவில்லை. வேறு காட்டில் வேலையாம்.

மத்தியானம் ரத்தினா கடவுக்கிட்டே வந்தாள். நானும் எழுந்து போனேன்.

"கலியாணம் கார்த்திகை பன்னண்டு. மண்டபத்துல."

"ம்."

"தாரணிக்குப் பத்திரிகை அனுப்பியாச்சு. பொண்ணுக்குத் தொணையா அவதான் நிக்கோணும். உனக்குப் பத்திரிகை இல்ல."

"நான் கேக்கல."

"கேக்க மாட்டீன்னு தெரியும். நீ போய்ச் சொன்னதுக்கு நான் கும்புடு போடுவேன்னு எதிர்பாக்காத. நீ ஒடச்சத நீயே ஒட்ட வெச்ச, அவ்வளவுதான்."

"சரி."

திரும்பியவள் நின்றாள். "தம்பி கேட்டது... அத நாங்க தாரணிகிட்டச் சொல்ல மாட்டோம். எம்புருசனும் சொல்ல மாட்டாரு. சாகற வரைக்கும் சொல்ல மாட்டோம். நீ சொல்றதும் சொல்லாததும் உம்பாடு."

இதைவிட அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். 'சொல்லிவிடுவேன்' என்று மிரட்டியிருந்தாலாவது பதிலுக்கு ஒரு சண்டை போட்டிருப்பேன்.

நவம்பர் 19

பெட்டையெது சேவலெது என்று இப்போது குரலில் தெரிகிறது. பெட்டை இரண்டு தட்டாகக் கத்துகிறது, சேவல் ஒரே தட்டு. என் பக்கத்தில் நான்கு பெட்டை, மூன்று சேவல். நான் நினைத்ததைவிடச் சத்தம் அதிகம். காதைப் பொத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். ரத்தினா வீட்டில் கல்யாண வேலை, மைக் செட்டு. அவர்களுக்கு எங்கே கேட்கப் போகிறது?

நவம்பர் 28

இன்றைக்குக் கல்யாணம். விடியும் முன்பே அந்தப் பக்கத்தில் எல்லாரும் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். பொழுதுக்கும் மாடு ஒன்று கத்திக்கொண்டே இருந்தது. தண்ணீர் காட்ட மறந்துவிட்டார்கள் போல. வேலிக்கு மேலே குழாயை நீட்டி அவர்கள் தொட்டியில் தண்ணீர் விட்டேன். மாடு குடித்தது. யாரும் பார்க்கவில்லை, பார்த்தாலும் எனக்கொன்றுமில்லை.

சாயங்காலம் நான்கு மணிக்குத் தாரணியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது தடவை எடுத்தாள். பின்னால் நாதஸ்வரமும் கூட்டமும் கேட்டது.

"என்ன?"

"சாப்பிட்டியா?"

"அதுக்கா மூணு தடவை கூப்பிட்ட?"

"இல்ல. நீ கொஞ்சம் தள்ளி வா. ஒண்ணு சொல்லோணும்."

சத்தம் குறைந்தது. மண்டபத்துக்குப் பின்பக்கம் வந்திருப்பாள்.

"உங்கப்பா ஏற மாட்டேன்னு சொல்லல, தாரணி. தொறந்து உடுன்னு கேட்டாரு. மூணு தடவை கேட்டாரு. சாவி எங்கிட்டத்தான் இருந்துச்சு. நாந்தான் தொறக்கல."

அவள் மூச்சு விடுவது கேட்டது. 

"எத்தனை நிமிசம்?" என்றாள் கடைசியில். லேபில் யாரிடமோ கேட்கிற மாதிரி இருந்தது குரல்.

"வேன் வர நாப்பது நிமிசம் ஆச்சு. அப்புறம் ஓடைத்தடம் சுத்தி டவுனுக்கு முக்கா மணி நேரம்."

"கார்ல போயிருந்தா?"

"இருவது நிமிசத்துல போயிருக்கலாம்."

"பெரியம்மாளுக்கு இது தெரியுமா?"

"அன்னையிலிருந்து தெரியும். உனக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லாம இருந்தாங்க."

அப்போதுதான் அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.  ஆறுதல் சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது? யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ரத்தினா குரல் மாதிரி இருந்தது. தாரணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வர்றேன் பெரீம்மா" என்றாள். பிறகு என்னிடம்:

"இனி எனக்குக் கூப்பிடாத. பேசறதா இருந்தா நானே கூப்பிடறேன்."

வைத்துவிட்டாள்.

கூப்பிட மாட்டேன் என்று சொல்லவில்லை. இருந்தா என்றுதான் சொன்னாள். அதை நான்கைந்து தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அதில் எனக்கென்று ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

ஏழு கோழியும் புளியமரத்தில் ஏறிவிட்டன. ஒரு வாரமாகக் கொட்டாய்க்குள் அடைய மறுக்கின்றன, வெருகுப் பூனை பிடித்தாலும் அதுகள் பாடு. எருமைக்குச் சோளத்தட்டுப் போட்டேன். அடுப்புப் பற்ற வைக்கவில்லை. போனில் சார்ஜ் குறைந்திருந்தது. போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.